முனியாண்டி சுருட்டுக்கு வரி கட்டிய கதை

சிகரெட்டைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் பேராக் மாநிலத்தில் இல்லை. காரணம், நான் வாழ்நாளில் ஒரு சிகரெட் கூடப் பிடித்ததில்லை. பிடிக்கிறவனுக்கு அதன் ருசி தெரியும், அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் டூர் பஸ் ஓட்டிய எனக்கு அதன் விலை தெரியும், வரி தெரியும், எந்த எல்லையில் எத்தனை பெட்டிக்கு மேல் போனால் ஆபீசர் புருவத்தைத் தூக்குவார் என்பதும் தெரியும்.

போன மாதம் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். கடையிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் தூறலில் நனைந்துகொண்டு புகைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் என் பழைய கம்பெனி டிரைவர்கள். குடை ஒன்று, தலை மூன்று.

"அண்ணே, உங்க காலத்துல எங்க வேணாலும் பிடிக்கலாமாமே? குடுத்து வச்சவங்க லா நீங்க" என்றான் ஒருவன்.

"நான் பிடிச்சதே இல்ல. ஆனா சாமி சுருட்டுக்கே வரி கட்ட வச்சவன்டா நான்" என்றேன்.

கதையைக் கேட்டு முடிப்பதற்குள் அவர்களுடைய தேநீர் ஆறிவிட்டது. அவர்களில் ஒருவன் நம் முனியாண்டி கோயில் திருவிழா மலர் தயாரிக்கும் குழுவில் இருக்கிறான். எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டான். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவன். எழுத்தைத் திருத்திக்கொள், கதையில் கை வைக்காதே என்று சொல்லித்தான் இதைக் கொடுத்திருக்கிறேன்.

நான் பிறந்தது கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினாறு வயதில் லாரியில் மூட்டை ஏற்றினேன், இருபதில் அதே லாரியை ஓட்டினேன், இருபத்தாறில் டூர் பஸ். பயிற்சி என்று இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி என்னைப் பழக்கியது, பிறகு நான் வண்டியைப் பழக்கினேன். இன்று எனக்கு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் சொந்த வீடு, மூன்று பிள்ளைகளும் பட்டதாரிகள். எல்லாம் ஸ்டீயரிங் கொடுத்தது.

அந்தக் காலத்தில் தோட்டத்துக் கல்யாணமோ கருமாதியோ, வாசலில் ஒரு தட்டு இருக்கும். வெற்றிலை, பாக்கு, பக்கத்தில் பெட்டி பிரித்துச் சிகரெட். எடுக்காவிட்டால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். நான் ஒன்றை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, வெளியே வந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுவேன். இதனாலேயே எனக்கு நண்பர்கள் அதிகம். இப்போது அந்தத் தட்டில் மிட்டாய்தான் இருக்கிறது. மரியாதை குறையவில்லை, விலை ஏறிவிட்டது.

பஸ் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. ஒரே சிகரெட், ஒரே பெட்டி. வடக்கே போனால் ஒரு விலை, தெற்கே போனால் ஒரு விலை. மனிதர்களும் அப்படியே. தாய்லாந்தின் ஹட்யாய் கடைத்தெருவில் பேச்சை ஆரம்பிக்கவே சிகரெட்டை நீட்டுவார்கள். சிங்கப்பூரில் சிகரெட் பிடிக்கிறவன் அதற்கென்று ஒதுக்கிய இடத்தைத் தேடி, கழிவறை தேடுகிறவன் மாதிரி அலைவான். லங்காவித் தீவில் ஒரு காலத்தில் சிகரெட்டுக்கு வரியே கிடையாது. நம் ஆட்கள் கடலைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது அங்கேயும் சிகரெட்டுக்கு வரி வந்துவிட்டது. கடல் மட்டும்தான் பழைய விலை.

லங்காவியில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. பத்து காஜா ஊரிலிருந்து ஒரு குடும்பத்தை ஒரு நாள் பயணமாக அழைத்துப் போயிருந்தேன். அதில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஒருவர், மருமகன்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி சிகரெட் வாங்கிவிட்டார். வரியில்லாமல் கொண்டுவர வேண்டுமானால் தீவில் சில நாள் தங்கியிருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். படகுத் துறையில் ஆபீசர், "எப்போது வந்தீர்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நம் கிராணி நெஞ்சை நிமிர்த்தி, "இன்னிக்குக் காலையிலதான்!" என்றார். பெட்டி அங்கேயே தங்கிவிட்டது. பத்து காஜா வரும்வரை கிராணி சாப்பிடவில்லை. அவர் மனைவி மட்டும் இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு இப்பதான் நிம்மதி. வீடு நாறாது" என்றார்.

கிராணி போனால் போகட்டும், அன்றைக்கு என் பஸ் ஒரு மணி நேரம் தாமதம். அதனால் நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். கம்பெனியில் யாரும் சொல்லித் தரவில்லை, என் மூளையில் உதித்தது. எந்த எல்லையானாலும், அதற்கு முன் சாப்பிட நிறுத்தும் இடத்தில் மூன்று தடவை கேட்பேன். முதல் தடவை சிரித்துக்கொண்டே: "யார்கிட்ட சிகரெட்டு, சுருட்டு, பீடி இருக்கு?" எல்லாரும் சிரிப்பார்கள், யாரும் கை தூக்க மாட்டார்கள். இரண்டாம் தடவை சிரிக்காமல் கேட்டு, பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்வேன். இரண்டு மூன்று கைகள் எழும். மூன்றாம் தடவை பேசவே மாட்டேன். பெரிய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை மெதுவாக நடப்பேன். ஒவ்வொரு இருக்கையிலும் பத்து எண்ணும் நேரம் நிற்பேன். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பைக்குள் இருப்பதெல்லாம் டின்னுக்குள் விழும். சிங்கப்பூர் போகும்போது டின்னைக் கூலாயில் கடை வைத்திருந்த பாயிடம் கொடுப்பேன். அவர் அதை மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிடுவார். திரும்பி வரும்போது அவரவர் பொருள் அவரவருக்கு. ஒரு பீடி கூடக் குறைந்ததில்லை.

இனி என் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீன முதலாளி என்பதால் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பா எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் தவுக்கேக்குத் தமிழ் நன்றாக வரும். டாக்டர் புகையை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து, பற்ற வைக்காத ஒரு சிகரெட்டை எப்போதும் வலது காதில் செருகியிருப்பார். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே சிகரெட்டைக் காதிலிருந்து எடுப்பார். விரலில் உருட்டுவார். திரும்பக் காதுக்குப் போனால் மன்னிப்பு. மேசை மேல் வைத்தால், நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று அர்த்தம். நான் சேர்ந்த பிறகு நான்கு பேருக்கு அது மேசைக்குப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேசை மேல் சிகரெட் விழும் சத்தம் என்ன பெரிய சத்தம்? ஆனால் எனக்குக் கேட்கும்.

ஏழெட்டு வருடம் முன்பு அவர் ஒரு புது பஸ் வாங்கினார். உயரமான வண்டி, உட்கார்ந்தால் தூக்கம் வரும் இருக்கைகள். யாரிடம் கொடுப்பார் என்று கம்பெனியே காத்திருந்தது. சாவியை என் கையில் வைத்து ஒரே வாக்கியம் சொன்னார்: "மாணிக்கம், எல்லையில கேஸ் மட்டும் வேணாம் லா." சிங்கப்பூர் ஓட்டத்தை நம்பித்தான் அந்த வண்டியை வாங்கியிருந்தார். எல்லையில் கெட்ட பெயர் வந்தால் அந்த ஓட்டமே நின்றுவிடும். பன்னிரண்டு டிரைவர்களில் என்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. மற்ற பதினொரு பேரும் ஆச்சரியப்பட்டார்கள்.

அந்த பஸ்ஸில் நாற்பதாவது நாள், நம் முனியாண்டி கோயில் கூட்டத்தோடு சிங்கப்பூர் கிளம்பினேன். எங்கள் தோட்டத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் அங்கே ஒரு முனியாண்டியை வைத்துக் கும்பிடுகிறார்கள். திருவிழாவுக்குத் தாய்க்கோயிலிலிருந்து பூசாரி வர வேண்டும், சாமிப் பெட்டி வர வேண்டும். தோட்டத்தை அழித்து வீடு கட்டியபோது முனியாண்டியும் எங்களோடு ஜெலாப்பாங்குக்குக் குடிவந்தது மலர் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பூசாரி வீரய்யா சின்ன வயதில் என்னோடு ரப்பர் பால் வாளி தூக்கியவன், என்னை மச்சான் என்பான். சாமிப் பெட்டியில் சிலம்பு, சாட்டை, சிவப்புப் பட்டு, விபூதி இருக்கும். காப்புக் கட்டிய பூசாரி கோயிலில்தான் அதைத் திறப்பார். இடையில் யாரும் தொடக் கூடாது. அது பஸ்ஸின் வயிற்றில், சாமான் அறையில், தனிப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது.

கூலாயில் மத்தியானச் சாப்பாடு. வழக்கம்போல் மூன்று தடவை கேட்டேன், டின் பாதி நிறைந்தது. வீரய்யா பைக்குள் வேட்டியும் துண்டும்தான். "சாமிப் பெட்டியப் பாக்கணுமா மச்சான்?" என்று அவனே கேட்டான். "சாமியச் சோதிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளா?" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கே என் பணிவு பிடித்திருந்தது.

ஜொகூரில் மலேசியப் பக்கச் சோதனை முடிந்து, சிங்கப்பூருக்குப் போகும் கடல் பாலத்தில் ஏறினோம். சனிக்கிழமை, வண்டிகள் நகரவில்லை. எனக்குப் பின் இருக்கையில் வீரய்யாவும் கோயில் கூட்டத்தில் வந்த லெட்சுமி அக்காவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தடவ சாமிக்கு ஒரு கொறையும் வைக்கல அக்கா. சுருட்டு ஆறு கட்டு, சிகரெட்டு ரெண்டு பெட்டி."

"ஏன், அங்க கெடைக்காதா?"

"கெடைக்கும். வெலையக் கேட்டா சாமியே பயந்துரும்! அங்க ஒரு பெட்டி வாங்குற காசுக்கு நம்ம ஈப்போல மூணு பெட்டி வாங்கிரலாம். கோயில் காசு லா, மிச்சம் புடிக்க வேணாமா?"

பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் என் கால் பிரேக்கை மிதித்தது.

"வீரய்யா, அதெல்லாம் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? சாமிப் பெட்டியிலதான்."

"கூலாயில மூணு தடவ கேட்டேனேடா!"

"யார்கிட்ட இருக்குன்னு கேட்ட. என்கிட்ட இல்ல. அது சாமியோடது."

பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். கோயில் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுபோகாத ஆள் அவன். சாமிக்கு வாங்கியது சாமியுடையது, அதைத் தன்னுடையது என்று சொல்வதுதான் அவனுக்குப் பாவம்.

பஸ்ஸுக்குள் இருந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "பிரிச்சு ஆளுக்கு நாலா பாக்கெட்டுல போட்டுக்குவோம் அண்ணே" என்றார் ஒருவர். சிங்கப்பூரில் ஒரு சிகரெட்டானாலும் சொல்லாமல் கொண்டுபோவது குற்றம். ஒரு கேஸ் நாற்பது கேஸாகும் என்றேன். "அப்ப கடல்ல போட்டுரலாம்" என்றார் இன்னொருவர்.

"சாமி சுருட்டக் கடல்ல போடுவியா? அப்பறம் நீ நீந்தித்தான் வீட்டுக்குப் போவ!" என்று வீரய்யா எழுந்துவிட்டான்.

பாலத்தில் திரும்பவும் முடியாது. முன்னால் போக வேண்டியதுதான். சாமான் அறையில் கிடைக்கும் பொருளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவன் டிரைவர். மறைத்தது என்று முடிவானால் பஸ்ஸையே நிறுத்திவைப்பார்கள். நாற்பது நாள் பஸ். எனக்குத் தவுக்கேயின் காதும் மேசையும் மாறி மாறிக் கண்ணில் தெரிந்தன.

"ஒரே வழிதான் இருக்கு. இறங்கினதும் நாமளே போய்ச் சொல்லி, வரி கட்டிருவோம்" என்றேன்.

"கட்டலாம் மச்சான். ஆனா பெட்டியத் தொறக்கச் சொல்வாங்க. நான் தொறக்க மாட்டேன். காப்புக் கட்டியிருக்கேன்."

"தொறக்கலேன்னா அவங்க தொறப்பாங்க."

"தொறந்தா சாமி கோவிச்சுக்கும். நீ தாங்குவியா?"

இங்கேதான் என் அனுபவம் பேசியது. "வீரய்யா, முனியாண்டிக்கு என்னடா வேல?" என்று கேட்டேன்.

"காவல்."

"எங்க காவல்?"

"எல்லையில."

"அங்க சிங்கப்பூர்ச் சுங்கத்துல, பச்சக் கதவுக்கும் சிவப்புக் கதவுக்கும் நடுவுல உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு என்ன வேல?"

அவன் கையில் கட்டியிருந்த காப்பைத் திருகினான். நான் விடவில்லை.

"நம்ம தோட்டத்து எல்லையில ராத்திரி யாராச்சும் மூட்டையோட வந்தா, முனியாண்டி என்ன மூட்டைன்னு கேக்காம விடுவாரா? அவரே கேக்குற ஆளு. இன்னொரு காவக்காரன் அவரக் கேட்டா, காட்ட மாட்டேன்னு சொல்வாரா?"

வீரய்யா வெளியே கடலைப் பார்த்தான். வண்டிகள் இரண்டு பஸ் நீளம் நகர்ந்தன. பிறகு, "சூடம் காட்டித்தான் தொறப்பேன்" என்றான்.

"அங்க தீப்பெட்டியத் தொட்டா அது வேற கேஸ். தண்ணி தெளிச்சுத் தொற."

எல்லாரும் இறங்கி, வரிக்குரிய பொருள் இல்லாதவர்களுக்கான பச்சைக் கதவு வழியாகப் போனார்கள். நானும் வீரய்யாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பொருளைச் சொல்லி வரி கட்டுகிறவர்களுக்கான சிவப்புக் கதவுக்குப் போனோம். முப்பது வருடத்தில் அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை. மேசையில் ஒரு தமிழ்ப் பெண். சீருடையில் ஒரு சுருக்கம் இல்லை.

"வணக்கம் அங்கிள். என்ன டிக்ளேர் பண்றீங்க?"

"சுருட்டும்மா. ஆறு கட்டு. சிகரெட்டு ரெண்டு பெட்டி."

"யாரோடது?"

நான் வீரய்யாவைப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து நின்றான். "சாமியோடது" என்றான்.

"விக்கிறதுக்கா, சொந்த உபயோகத்துக்கா?"

"சொந்த உபயோகத்துக்குத்தான். சாமியோட சொந்த உபயோகம்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "சாமிக்குப் பாஸ்போர்ட் இல்லையே அங்கிள். கொண்டு வந்தவர் பேருலதான் எழுத முடியும். பெட்டியத் தொறங்க."

வீரய்யா மினரல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூன்று தடவை தெளித்தான். வாய்க்குள் ஏதோ சொன்னான். பெட்டி திறந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டார். சிலம்பையும் சாட்டையையும் தொடவில்லை. "நீங்களே எடுத்துக் காட்டுங்க" என்றார். சுருட்டைத் தராசில் வைத்தார்கள். பெரிய ஆபீசர் ஒருவர் வந்து பார்த்தார், அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"இது பஸ்ல இருந்ததா? உங்களுக்கு எப்பத் தெரியும்?"

கூலாயிலேயே தெரியும், டிக்ளேர் பண்ணத்தான் கொண்டுவந்தோம் என்று சொல்லியிருக்கலாம். அழகாகவும் இருந்திருக்கும். "பாலத்துலதான்மா தெரியும். கூலாயில எல்லாப் பையும் பாத்தேன். இந்தப் பெட்டிய மட்டும் பாக்கல. தப்பு என்மேல" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.

"நீங்களே வந்து சொல்லிட்டீங்க. வரி கட்டினா போதும். இது கேஸ் இல்ல அங்கிள்."

வரி, சுருட்டின் விலையைவிட அதிகம். வீரய்யாவின் மிச்சமெல்லாம் அங்கேயே கரைந்தது. ரசீதை வாங்கித் திருநீற்றுப் பையில் வைத்தான். நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் மெல்லிய குரலில், "எங்க தாத்தாவும் முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பாரு. இங்க வாங்கித்தான்" என்றார்.

கேஸ் இல்லைதான். ஆனால் என் பெயர் எழுதப்பட்ட காகிதம் ஒன்று அங்கே இருக்கிறது. தவுக்கேயிடம் ஒரு விதி உண்டு: வெளியாள் சொல்லி நான் கேட்பதற்கு முன் நீ வந்து சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை அவர் மேசை முன் நின்று, ஒன்று விடாமல் சொன்னேன். பாதியிலேயே சிகரெட் காதிலிருந்து இறங்கிவிட்டது. உருட்டினார். நான் பஸ் சாவியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன். அவர் கேட்பதற்கு முன் நாமே வைத்துவிடுவது மரியாதை.

"ஏன் அந்தப் பெட்டியப் பாக்கல?"

"சாமிப் பெட்டி, தவுக்கே."

அவர் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பஸ் நிறுத்தும் இடத்தின் மூலையில் சிவப்பாக ஒரு சிறு மாடம், சீனர்கள் கும்பிடும் காவல் தெய்வம் டத்தோ கோங் சாமிக்கு. தினமும் காலையில் தவுக்கே அங்கே நிப்பா ஓலையில் சுருட்டிய புகையிலை ஒன்று வைப்பார்.

"நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன் லா" என்றார். சிகரெட் காதுக்குத் திரும்பியது. சாவியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். "அடுத்த தடவ?"

"மொதல்ல சாமிப் பெட்டி, அப்பறம்தான் ஆளுங்க."

"நல்லது. கேஸ் வேணாம் லா." அவ்வளவுதான் பேச்சு. அந்த பஸ்ஸை ஓய்வு பெறும்வரை நான்தான் ஓட்டினேன்.

அடுத்த வருடம் அதே திருவிழா, அதே கூலாய். நான் டின்னை எடுப்பதற்கு முன்பே வீரய்யா பெட்டியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்து, சூடம் காட்டி, தானே திறந்தான். சிலம்பு, சாட்டை, பட்டு, விபூதி. மேலே போன வருட ரசீது, பிளாஸ்டிக் உறை போட்டு.

"சுருட்டு எங்கடா?"

"அங்கேயே வாங்கிக்குவோம் மச்சான். ஒண்ணு."

"ஒண்ணா? போன தடவ ஆறு கட்டு!"

"அங்க இருக்குற வெலைக்கு ஒண்ணுதான் முடியும். பூப் போட்டுக் கேட்டேன். போதும்னு சொல்லிட்டாரு."

அந்த ரசீது இன்றும் ஜெலாப்பாங்கில் முனியாண்டி காலடியில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். வரியை ஏற்றினால் மனிதர்கள் புகையைக் குறைப்பார்களா என்று அந்த மஞ்சள் கோட்டுப் பையன்கள் என்னைக் கேட்டார்கள். மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. முனியாண்டி குறைத்திருக்கிறார். ஆறு கட்டிலிருந்து ஒரே ஒரு சுருட்டுக்கு. அதற்கு நான் சாட்சி.